ஒன்பதாம் வகுப்புக்கு எங்கே சேர்ப்பது: பாளையங்கோட்டை விடுதியா, பக்கத்து ஊர்ப் பள்ளியா, கான்வென்டா?

எங்கள் ஊர் டி.டி.டி.ஏ. நடுநிலைப் பள்ளி, அதாவது தென்னிந்தியத் திருச்சபையின் (சி.எஸ்.ஐ.) திருநெல்வேலித் திருமண்டலம் நடத்துகிற பள்ளி, எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். அதனால் திருநெல்வேலி மாவட்டத்துத் திசையன்விளைச் சுற்றுவட்டாரத்தில் இருக்கிற எங்களைப் போன்ற குடும்பங்களில் ஏப்ரல் பிறந்தால் இதே பேச்சுத்தான், பிள்ளையை ஒன்பதாம் வகுப்புக்கு எங்கே போடுவது என்று. இந்த வருஷம் என் மகளின் முறை. மூத்தவனைச் சேர்க்கும்போது கடைக்கார அண்ணாச்சி ஒருவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு நேரே போய்ப் பணம் கட்டிவிட்டேன். இந்தத் தடவை அப்படிச் செய்யக் கூடாது என்று மூன்று பள்ளிகளுக்கும் நேரில் போனேன், பிள்ளைகளிடம் பேசினேன், காலை ஒன்பது மணிக்கு வாசலில் நின்றும் பார்த்தேன். இதே யோசனையில் இருக்கிறவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

மூன்றுமே கிறிஸ்தவப் பள்ளிகள், மூன்றுமே அரசு உதவி பெறுபவை. ஒன்று பாளையங்கோட்டையில் விடுதியோடு இருக்கும் பெரிய பெண்கள் மேல்நிலைப் பள்ளி. இரண்டாவது, எங்கள் ஊரிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டரில் திருமண்டலம் நடத்துகிற மேல்நிலைப் பள்ளி, ஆணும் பெண்ணும் சேர்ந்து படிப்பது. மூன்றாவது, பதினைந்து கிலோமீட்டர் தள்ளி ஒரு ரோமன் கத்தோலிக்க ஊரில் சிஸ்டர்கள் நடத்துகிற கான்வென்ட். வேன் வைத்து அழைத்துப் போகிற மெட்ரிக், சிபிஎஸ்இ பள்ளிகளை நான் கணக்கில் எடுக்கவில்லை. அந்தக் கட்டணம் எங்களுக்குக் கட்டாது, அவ்வளவுதான்.

முதலில் சாதனைப் பலகைகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாருடைய கண்ணும் முதலில் போவது அங்கேதான். மே மாதம் வந்தால் வள்ளியூரிலிருந்து பாளையங்கோட்டை வரை வழியெல்லாம் பிள்ளைகள் படம் போட்ட ஃபிளெக்ஸ். மாவட்டத்தில் முதலிடம், மாநிலத்தில் இத்தனையாவது இடம் என்று போட்டிருக்கும். ஆனால் 2017-லிருந்தே தமிழக அரசு பொதுத்தேர்வில் ரேங்க் அறிவிப்பதை நிறுத்திவிட்டது. இன்றைக்கு யார் மாவட்ட முதலிடம் என்று போட்டாலும் அது அந்தப் பள்ளி தானாகக் கணக்குப் பார்த்துப் போட்டதுதான். அந்தப் பிள்ளை வாங்கிய மதிப்பெண் உண்மை, அதை மதிக்கிறேன். ஆனால் அந்த ஒரு பிள்ளையின் மதிப்பெண்ணை வைத்து மற்ற நூறு பிள்ளைகளை அந்தப் பள்ளி எப்படிப் பார்த்துக்கொண்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நூறு சதவீதத் தேர்ச்சியும் அப்படித்தான். அதைப் பார்த்ததும் நான் கேட்கிற கேள்வி, அதற்கு முந்தின வருஷம் ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள், அதில் எத்தனை பேர் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினார்கள் என்பதுதான். நான் போன பள்ளிகளில் ஒன்றில் ஒன்பதில் இரண்டு செக்‌ஷன் நிறைய இருந்தவர்கள் பத்தாம் வகுப்பில் ஒன்றரை செக்‌ஷனாகக் குறைந்திருந்தார்கள். மீதிப் பேர் எங்கே என்று கேட்டேன். 'வேற ஸ்கூலுக்கு டிசி வாங்கிட்டாங்க' என்றார்கள். படிப்பு வராத பிள்ளையைப் பத்தாம் வகுப்புக்கு முன்னாலேயே அனுப்பிவிட்டு எடுக்கிற நூறு சதவீதத்தை நான் சாதனை என்று சொல்ல மாட்டேன். பெயிலாகிற நிலையில் இருந்த நாலு பிள்ளைகளைக் கடைசி வரை வைத்திருந்து, மாலையில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்து, 95 சதவீதம் காட்டுகிற பள்ளிக்கு என் பிள்ளையை அனுப்பச் சம்மதம்.

அதனால் மூன்று இடத்திலும் நான் ஒரே விஷயத்தைத்தான் தோண்டித் தோண்டிக் கேட்டேன். ஒரு நாள் என் மகள் பள்ளிக்கு வரவில்லை என்றால் அது யாருக்கு, எத்தனை மணிக்குத் தெரியும்? தெரிந்த பிறகு என்ன செய்வார்கள்?

இந்தக் கேள்வி எனக்கு எங்கிருந்து வந்தது என்றால், மூத்தவன் விஷயத்திலிருந்து. 2022-இல் அவனைப் பாளையங்கோட்டையில் பெரிய பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்பில் சேர்த்து விடுதியில் விட்டோம். நவம்பரில் பெற்றோர் கூட்டத்துக்குப் போனபோது வகுப்பாசிரியர் பதிவேட்டைத் திருப்பி, உங்கள் மகன் போன மாதம் ஒன்பது நாள் வரவில்லையே என்றார். எனக்குத் தலை சுற்றிவிட்டது. விடுதிப் பதிவேட்டைப் பார்த்தால் அந்த ஒன்பது நாளும் அவன் அங்கே இருக்கிறான். காய்ச்சல் வந்து நோயாளிகள் அறையில் படுத்திருந்திருக்கிறான், அதில் ஐந்து நாள் காய்ச்சல், மீதி நாலு நாள் காய்ச்சல் விட்டும் வகுப்புக்குப் போகப் பிடிக்காமல் அங்கேயே கிடந்திருக்கிறான். பள்ளிக்காரர்கள் விடுதி பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தார்கள், விடுதிக்காரர்கள் பள்ளியிலிருந்து சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தார்கள். ஒரே காம்பவுண்டுக்குள் இரண்டு நோட்டு, இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் என் பிள்ளை ஒன்பது நாள் ஒரு கட்டிலில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தான், அது இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

பொதுத்தேர்வு எழுத விதிப்படி 75 சதவீத வருகை வேண்டும். பள்ளிக்கு வருஷத்தில் 210, 220 வேலைநாள் என்று வைத்துக்கொண்டால், ஐம்பது நாளுக்கு மேல் வராத பிள்ளைகூட அந்தக் கோட்டுக்கு மேலேதான் நிற்கும். ஐம்பது நாள் என்றால் இரண்டு மாதத்துக்கும் மேலான பாடம்! ஆகவே 'அட்டண்டன்ஸ் பிரச்சினை எதுவும் இல்லை' என்று பள்ளி சொன்னால் அதில் நிம்மதி அடைய ஒன்றும் இல்லை. 2023 மார்ச்சில் பிளஸ் டூ தமிழ்த் தேர்வுக்கு மாநிலம் முழுக்க 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் வராமல் போனார்களே, நினைவிருக்கிறதா? பேர் பதிவேட்டில் இருந்தது. அவர்களில் பலர் வகுப்புக்கு வருவதை எப்போதோ நிறுத்தியிருந்தார்கள், அது பரீட்சை அன்றைக்குத்தான் ஊருக்கெல்லாம் தெரிந்தது. இப்போது ஆசிரியர்கள் செல்போன் செயலியில் வருகை போடுகிறார்கள். அதில் போட்டதும் வேலை முடிந்தது என்று நினைக்கிற பள்ளி உண்டு, அதற்குப் பிறகுதான் வேலையே ஆரம்பிக்கிறது என்று நினைக்கிற பள்ளியும் உண்டு.

சரி, பாளையங்கோட்டைக்கு வருவோம். மூத்தவனுக்கு அப்படி ஆனது என்பதற்காக அந்த ஊரை நான் தள்ளிவிடவில்லை. 1820-இல் மிஷனரி ரேனியஸ் வந்து இறங்கியதிலிருந்து இரண்டு நூற்றாண்டாகப் பள்ளியால் வளர்ந்த ஊர் அது. சேவியர், ஜான்ஸ், கதீட்ரல், சாராள் தக்கர், இக்னேஷியஸ், மேரி சார்ஜென்ட் என்று நடந்து போகிற தூரத்துக்குள் எத்தனை பள்ளி! என் மகன் அங்கே பெற்றதை எங்கள் செம்மணல் தேரிக்காட்டில் இருந்துகொண்டு பெற்றிருக்க முடியாது. மாவட்ட மைய நூலகத்தில் சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்திருப்பான். அறிவியல் மையத்துக்கு நாலு தடவை போயிருக்கிறான். மேலப்பாளையத்துப் பையன், உவரிக் கடற்கரைப் பையன், செங்கோட்டைப் பையன் மூன்று பேரும் அவன் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டில். காது கேளாதோர் பள்ளிப் பிள்ளைகளோடு பந்து விளையாடிக் கைச்சைகை பேசக் கற்றுக்கொண்டு வந்தான். அந்தப் பழக்கம் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லாதது. குறுவட்டப் போட்டி தாண்டி மாவட்டப் போட்டி வரை வாலிபால் ஆடினான், அதற்குத் தனி உடற்கல்வி ஆசிரியர், தனி மைதானம், எல்லாம் இருந்தது.

ஆக, கூட்டு வாழ்க்கை, வாய்ப்பு, சாதனை மூன்றிலும் பாளையங்கோட்டைதான் மேலே. இந்தத் தடவை பார்த்த பெண்கள் விடுதியில் நான் கேட்ட கேள்விக்கு வார்டன் அம்மா சொன்ன பதிலும் ஓரளவு நன்றாகவே இருந்தது: காலை பிள்ளைகள் கிளம்பினதும் யார் பின்தங்கினார்கள் என்று ஒரு சீட்டு எழுதிப் பள்ளி அலுவலகத்துக்குக் கொடுத்துவிடுவோம் என்றார். சீட்டைக் காட்டுங்கள் என்றேன், காட்டினார். ஆனால் அந்தச் சீட்டு வீட்டுக்கு வருவதில்லை. பிள்ளை மூன்று நாளுக்கு மேல் படுத்தால்தான் போன் செய்வார்களாம். பதின்மூன்று வயசுப் பெண்பிள்ளைக்கு மூன்று நாள் எனக்கு அதிகமாகத் தெரிகிறது. பஸ்ஸில் போய்ச் சேர எங்களுக்கு இரண்டு மணி நேரம் ஆகும்.

பக்கத்து ஊர்ப் பள்ளியின் கதை வேறு. நான் காலையில் வாசலில் நின்றபோது, பத்து மணி அடித்துக் கொஞ்ச நேரத்தில் ஒரு சார் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார். எங்கே என்று கேட்டேன். ஒன்பது பி-யில் ஒரு பையன் நேற்றும் இன்றும் வரவில்லை, தகப்பன் பனைக்கு ஏறுகிறவர், பதநீர் காய்ச்ச ஆள் இல்லை என்று பையனை நிறுத்தியிருப்பார், போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். போய்ப் பதினொன்றரைக்கெல்லாம் பையனைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு வந்தார். அந்த ஊரில் ஆசிரியரும், பிள்ளையின் அப்பாவும், உபதேசியாரும் (சபை ஊழியர்), சேகரத்து ஐயரும் (பாதிரியார்) ஞாயிற்றுக்கிழமை ஒரே கோயிலில், அதாவது தேவாலயத்தில், உட்காருகிறவர்கள். கோயிலுக்கு வராத இந்துக் குடும்பமானாலும் அதே தெரு, அதே கடை. அங்கே ஒரு பிள்ளை இரண்டு நாள் காணாமல் போவது நடக்காத காரியம்.

அசனத்தைச் சொல்லாமல் இந்தப் பள்ளியைச் சொல்ல முடியாது. பண்டிகை அன்றைக்கு ஊரே சேர்ந்து சமைத்து ஊரே உட்கார்ந்து சாப்பிடுவது. காய் நறுக்குவதிலிருந்து இலை எடுப்பது வரை பள்ளிப் பிள்ளைகள் நிற்பார்கள். பெரிய பணக்காரர் வீட்டுப் பிள்ளையும் வாளி தூக்கும். இதைப் பாடப்புத்தகத்தில் சொல்லிக்கொடுக்க முடியாது. ஆனால் வருகைக்கு இது ஒரு சோதனையும்கூட. அசனம், அதற்கு அடுத்த நாள், அம்மன் கோயில் கொடை, அதற்கு அடுத்த நாள், திருச்செந்தூர் விசாகம், மணப்பாட்டுச் சிலுவைத் திருவிழா என்று பார்த்தால் வகுப்பு பாதி காலியாகிற நாள் வருஷத்தில் ஏழெட்டு வந்துவிடும். இதற்கு அந்தத் தலைமையாசிரியர் செய்கிறது எனக்குப் பிடித்திருந்தது. ஜூனிலேயே சுற்றியிருக்கிற ஊர்களின் கொடைத் தேதிகளையும் பண்டிகைத் தேதிகளையும் எழுதி வைத்துக்கொண்டு, அந்த நாட்களில் புதுப் பாடம் எடுக்காமல் திருப்புதல் வைத்துவிடுகிறார். திருவிழாவுக்குப் போன பிள்ளையைத் திட்டுவதில்லை, வந்த பிள்ளைக்கும் நேரம் வீணாவதில்லை.

குறையும் இருக்கிறது. நம்ம பிள்ளைதானே என்கிற தயவில், பதினொரு மணிக்கு வந்த பிள்ளைக்கும் முழுநாள் வருகை போட்டுவிடுகிறார்கள். பிள்ளையைப் பற்றிய எல்லாமே ஊருக்குத் தெரிந்துவிடும், மதிப்பெண் குறைந்தால் ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் ஐயரம்மா விசாரிப்பார்கள். ஒரு வளர்ந்த பெண்பிள்ளைக்கு அது எவ்வளவு கூச்சம் என்று என் மனைவி சொன்னாள், அதை நான் யோசித்திருக்கவில்லை. அதைவிடப் பெரிய குறை ஆசிரியர் பணியிடம். உதவி பெறும் பள்ளியில் ஆகஸ்ட் 1-ஆம் தேதி எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் ஆசிரியர் எண்ணிக்கையை அரசு முடிவு செய்யும். பிள்ளை குறைந்தால் பணியிடமும் போய்விடும். மே மாதம் ஆசிரியர்கள் ஊர் ஊராக வீடு ஏறி இறங்குவது இதற்காகவும்தான். இந்தப் பள்ளியில் பத்தாம் வகுப்பு வரை எல்லாப் பாடத்துக்கும் ஆள் இருக்கிறது, பிளஸ் ஒன் இயற்பியலுக்கு ஒரு வருஷமாக நிரந்தர ஆசிரியர் இல்லை. சேர்க்கப் போகிறவர்கள் இதைக் கட்டாயம் வாய்விட்டுக் கேளுங்கள், அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

கான்வென்டில் நான் கேட்பதற்கு முன்னாலேயே பதில் வந்துவிட்டது. எட்டு ஐம்பதுக்கு கேட் பூட்டு. ஒன்பதேகாலுக்குள் வராத பிள்ளையின் வீட்டுக்குப் போன். லீவ் லெட்டரில் அப்பாவோ அம்மாவோ கையெழுத்து, அதையும் பழைய கையெழுத்தோடு வைத்துப் பார்க்கிறார்கள். மனைவியின் ஊர் ஆலங்குளம் பக்கம், அங்கே என் கொழுந்தியாள் மகள் இதே போல ஒரு சிஸ்டர்கள் பள்ளியில்தான் படித்தாள். பீடி கட்டிக் கடைக்குக் கொடுக்கிற நாளில் இலை வெட்டவும் மடக்கவும் ஆள் வேண்டும் என்று அம்மா பிள்ளையை நிறுத்திவிடுவாள். இரண்டாவது தடவையே ஒரு சிஸ்டர் வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்து, முறத்தை மடியில் வாங்கி வைத்துக்கொண்டு, பிள்ளையை அனுப்பு, நான் இருந்து மடக்கித் தருகிறேன் என்றாராம். அதற்குப் பிறகு அவள் ஒரு நாள்கூடப் பிள்ளையை நிறுத்தவில்லை. அந்தப் பிள்ளை இன்று நர்ஸ். பெண்பிள்ளை படிப்பை இந்தச் சீமையில் பிடித்து நிறுத்தியது இப்படிப்பட்டவர்கள்தான். இடையன்குடியில் கால்டுவெல்லின் மனைவி எலைசா பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்து லேஸ் பின்னல் சொல்லிக்கொடுத்த காலத்திலிருந்தே, படிப்பையும் பிழைப்பையும் சேர்த்து யோசித்தவர்களால்தான் அது நடந்தது.

ஆனால் இந்தக் கான்வென்டில் ஒன்று என்னை உறுத்தியது. ஆண்டு விழாவில் ஒரு நாள்கூட விடாமல் வந்த பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்கிறார்கள், வகுப்புக்கு ஒரு சுழற்கோப்பையும் உண்டு. நான் போன அன்றைக்கு ஒரு பிள்ளை காய்ச்சலோடு டெஸ்க்கில் தலை வைத்துப் படுத்திருந்தது. ஏன் வந்தாய் என்றால், என்னால் வகுப்புக்குக் கோப்பை போய்விடும் என்கிறது. மெட்ராஸ் ஐ வந்த பிள்ளையும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வருமாம். வருகைக்குப் பரிசு கொடுப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உடம்புக்கு முடியாத அன்றைக்குப் பிள்ளை வீட்டில் இருக்க வேண்டும், அது ஏன் வரவில்லை என்று பள்ளிக்குத் தெரிந்திருக்க வேண்டும். மற்றபடி கான்வென்டுக்குப் போக எங்களுக்கு ஒரே பஸ்தான், அதை விட்டால் முக்கால் மணி நேரம் நிற்க வேண்டும், கேட் பூட்டிவிடும்.

நாங்கள் சி.எஸ்.ஐ., அதாவது புராட்டஸ்டன்ட், அங்கே போனால் பிள்ளை அக்டோபர் முழுக்க ஜெபமாலை கேட்க வேண்டுமே என்று என் அம்மா கவலைப்பட்டார்கள். விசாரித்ததில், கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, மற்றவர்களுக்கு நீதிபோதனை என்று தனித்தனியாகத்தான் நடக்கிறது. இந்து, முஸ்லிம் பெற்றோர்கள் இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். அரசு உதவி பெறும் பள்ளியில் மத போதனைக்கோ வழிபாட்டுக்கோ பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளையை உட்கார வைக்க முடியாது என்று அரசியல் சட்டத்தின் 28-ஆம் பிரிவே சொல்கிறது.

அப்புறம், எல்லாரும் மெதுவாகப் பேசுகிற விஷயம், சாதி. 2023-இல் நாங்குநேரியில் சாதிப் பகையில் ஒரு மாணவனை உடன்படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டியதற்குப் பிறகு இந்த மாவட்டத்தில் பள்ளி தேடுகிற எவரும் இதைக் கேட்காமல் இருக்கக் கூடாது. அதற்காக அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்து, பிள்ளைகள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கையில் கட்டி வருவதைத் தடுக்கச் சொன்னது. நான் மூன்று பள்ளியிலும் இடைவேளையில் பிள்ளைகளின் கையைப் பார்த்தேன். கான்வென்டில் ஒரு கயிறு இல்லை. பாளையங்கோட்டையில் ஒன்றிரண்டு. பக்கத்து ஊர்ப் பள்ளியில் பையன்கள் கையில் இருந்தது, அதுவும் பெஞ்சு வாரியாக ஒரே நிறத்தில். தலைமையாசிரியரிடம் நேராகவே சொன்னேன். அவர் மறுக்கவில்லை, அறுத்தால் மறுநாள் பையன் வர மாட்டான் சார், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் செய்கிறோம் என்றார். கிறிஸ்தவப் பள்ளி என்று பேர் வைத்துவிட்டு அங்கே சாதி பார்த்து உட்கார விடுவது எனக்குத் தாங்கவில்லை. ஒரே கலத்தில் அசனம் சாப்பிடுகிற ஊர் அது. அவர் சொல்கிற சிரமமும் பொய்யில்லை. ஆனால் அவர் இதை இன்னும் உறுதியாகச் செய்ய வேண்டும், அதைப் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேட்க நான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பணக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்றிலும் தமிழ் வழியில் படிப்புக் கட்டணம் கிடையாது, புத்தகம், பஸ் பாஸ், பதினொன்றில் சைக்கிள் எல்லாம் கிடைக்கும். ஆங்கில வழிப் பிரிவு சுயநிதி, அதற்குக் கட்டணம் உண்டு. இதில் ஒன்றைக் கவனியுங்கள்: கல்லூரிக்குப் போகும்போது மாதம் 1,000 ரூபாய் கொடுக்கிற புதுமைப்பெண் திட்டத்தை 2024 டிசம்பரில் உதவி பெறும் பள்ளிப் பெண்பிள்ளைகளுக்கும் நீட்டித்தார்கள், ஆனால் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மட்டும். ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளை வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடஒதுக்கீடு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான், உதவி பெறும் பள்ளிக்குக் கிடையாது. டாக்டர் கனவு இருந்தால் ஆறாம் வகுப்பில் சேர்க்கும்போதே யோசித்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அந்த வழி ஏற்கெனவே மூடிவிட்டது.

என் முடிவு, ஒன்பதும் பத்தும் பக்கத்து ஊர்ப் பள்ளி. பிளஸ் ஒன்னுக்குப் பாளையங்கோட்டை விடுதி, அப்போது அவளுக்குப் பதினைந்து வயசு ஆகியிருக்கும், காய்ச்சல் என்றால் தானே போன் கேட்டு வாங்கி எனக்குச் சொல்லுவாள். வீட்டில் விளக்கு வைத்துப் படிக்க இடம் இல்லாதவர்கள், அப்பா குடிக்கிற வீடு, அம்மா தனியாக வேலைக்குப் போகிற வீடு என்றால் நான் தயங்காமல் விடுதியைத்தான் சொல்லுவேன், அந்தப் பிள்ளைக்கு இரவு ஏழு மணிப் படிப்பும் நேரத்துக்குச் சாப்பாடுமே பெரிய காரியம். வீட்டு வேலைக்கும் பீடிக்கும் பிள்ளையை நிறுத்திவிடுகிற வீடு என்றால் கான்வென்ட், பஸ் சரியாக இருந்தால்.

மகளிடம் சொன்னேன். வாலிபால் டீம் இருக்கா என்றுதான் முதலில் கேட்டாள். பையன்களுக்கு இருக்கிறது, பெண்பிள்ளைகளுக்கு இல்லை. தலைமையாசிரியரிடம் போன் செய்து கேட்டேன். பன்னிரண்டு பேர் சேர்ந்தால் வலை கட்டித் தருகிறேன் என்றார். அவள் இதுவரை எங்கள் தெருவிலும் ஓய்வுநாள் பள்ளியிலும் சேர்த்து ஏழு பேர் பிடித்துவிட்டாள்.